முனியிடம் முதலில் கேட்டோம்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை எனக்குப் பிடிக்காது. பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு என்கிறார்கள். அவர்கள் யாரும் அதன் கீழே படுக்கவில்லை.

கோப்பெங் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு. முன்பு ரப்பர் தோட்டம். தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கென்று கட்டிக் கொடுத்த மலிவு வீடுகள். ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, தானமாகக் கிடைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டோம். படுக்கையறைக் கதவில் அது நுழையவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. சாலையில் போகிற லோரியைச் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று சொல்வார். வாய் கோணியிருந்தாலும் அப்போது மட்டும் பேச்சு தெளிவாக வரும்.

ஒரு மழைக்காலத்தின் தொடக்கத்தில் மரத்தின் பெரிய கிளை ஒன்று பட்டுப்போயிருந்ததைக் கவனித்தேன். சரியாக அவர் கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல் நீண்டிருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு ஒடிந்து விழுந்ததற்கே கூரைத் தகடு உடைந்தது. வெட்டக் கூப்பிட்ட ஆள் மரத்தின் அடியைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டான். இவ்வளவு பருத்த மரமென்றால் ஊராட்சி மன்றத்தில் கேட்காமல் கிளையைத் தொட்டால்கூட அபராதமாம். சரி, சட்டம் என்றால் சட்டம். மனு போடுவதென்று முடிவு செய்தேன்.

அங்கேதான் என் கொழுந்தனார் உள்ளே புகுந்தார்.

“அண்ணி, மொதல்ல முனிகிட்ட கேக்கணும்லா. கேக்காம பெரிய மரத்துல கத்தி வச்சா வீட்டுக்கு ஆவாது.”

தோட்டத்தில் அப்படித்தான். பழைய மரத்தை வெட்டுவதற்கு முன் அடியில் வெற்றிலை வைத்து, சூடம் கொளுத்தி, எலுமிச்சை அறுத்து, “ஐயா, வேற மரம் பாத்துக்க” என்று அதில் குடியிருக்கும் முனியிடம் உத்தரவு கேட்பார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஒரு கட்டிச் சூடத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான் கிளினிக்கில் மருந்து வாங்கப் போயிருந்தபோது அவர் கூட்டாளிகளோடு வந்து பூசையை முடித்துவிட்டார். பொட்டலம் பொட்டலமாகச் சூடத்தை வேரோடு சேர்த்துக் குவித்து எரித்ததில் பட்டை இடுப்பு உயரத்துக்குக் கருகிப்போயிருந்தது. மரத்தை விட்டு இறங்கும் முனி வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதென்று எங்கள் வாசலைப் பார்த்த பக்கத்தில் நீள நீளமாக ஆணிகளை வேறு அடித்து வைத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் மனு போட்டேன். மன்றத்திலிருந்து மரத்தைப் பார்க்க ஒரு மலாய் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டிலையும் கூரையையும் பார்த்தார். முகத்தில் இரக்கம் தெரிந்தது. வெளியே போய் மரத்தை ஒரு சுற்று சுற்றியதும் அந்த முகம் மாறிவிட்டது.

“காக், சியாப்பா பாக்கார் போக்கோ நி?” அக்கா, மரத்தை எரித்தது யார் என்று மலாயில் கேட்டார்.

சாமிக்குச் செய்த பூசை என்றேன். ஆணி எதற்கு என்றார். முனி வீட்டுக்குள் வராமல் இருப்பதற்கு என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? எப்படியோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிடிக்காத மரத்தைப் பட்டுப்போக வைக்க ஆட்கள் செய்கிற வேலையாம் இது. இனி இது அனுமதி விஷயமில்லை, மரத்தைக் காயப்படுத்திய விஷயம். விசாரணை முடியும்வரை ஒரு குச்சியைக்கூட ஒடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஏறாத படி இல்லை. போகும்போதெல்லாம் “துங்கு டூலு, காக்” என்று காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நாட்களில்தான் சாலைக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும், பழைய தோட்ட ஆபீசுக்குப் போகிற வழியில் வரிசையாக நின்ற இதே தூங்குமூஞ்சி மரங்களையும் இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். புது வீடுகள் வருகின்றனவாம். அவர்களிடம் அனுமதி இருந்தது. அத்தனை மரங்களில் ஒன்றில்கூடவா முனி இல்லை? யாரும் ஒரு துண்டு சூடம் கொளுத்தக் காணோம்.

கொழுந்தனாரை நான் சும்மா விடவில்லை. “ஒங்க முனிதான் உத்தரவு குடுத்துட்டாருல்ல, அவரையே மன்றத்துக்கு வந்து சொல்லச் சொல்லுங்க” என்றேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மழை வலுத்ததும் கட்டிலைக் குசினிக்கு மாற்றினேன். குசினிக்குக் கதவு கிடையாது, அதனால் நுழைந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

“விழுந்தா விழட்டும்லா. என்னைய முன்னுக்குப் போடு.”

“ஒங்க தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“இங்க சொவத்தையா பாத்துக்கிட்டுக் கெடக்குறது?”

தினமும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். லோரிச் சத்தம் குசினி வரைக்கும் வரும். என்ன வண்டிங்க என்று நானாகவே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை என்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் சுவரைப் பார்த்தபடியே போய்விட்டார்.

துக்கத்துக்குத் தைப்பிங், பாகான் செராய் என்று தூரத்திலிருந்தெல்லாம் சொந்தங்கள் வந்தன. மழை விட்டு நல்ல வெயில். கூடாரம் தேவைப்படவில்லை, நாற்காலிகளை மரத்தடியில் போட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத உறவுக்காரி ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

“நல்ல நெழல்க்கா. இத மட்டும் வெட்டிப்புடாதீங்க.”

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. தலையை ஆட்டினேன்.

விசாரணை இன்னும் முடியவில்லை. கட்டிலைத் தேவைப்பட்ட இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். முன்னறை காலியாகக் கிடக்கிறது. அதன் பிறகு எத்தனையோ மழையும் காற்றும் அடித்து ஓய்ந்துவிட்டன. அந்தக் கிளை விழவேயில்லை.