கடைசி பஸ்ஸுக்கு முன்னால்

டெப்போவின் வருகைப் பதிவேட்டில்தான் அவளுக்குப் பெயர் உண்டு. மற்ற எல்லோருக்கும் அவள் பதினாலு. பதினாலாம் நம்பர் பஸ்ஸைப் பதினெட்டு வருஷம் விடாமல் ஓட்டியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அதே டெப்போவில் மாலை ஷிஃப்ட் ஓட்டும் அவள் புருஷனுக்குக் 'கரெக்ட்டு' என்று பெயர். அவர் வண்டி எந்த நிறுத்தத்துக்கும் ஒரு நிமிஷம் பிந்தியதும் கிடையாது, முந்தியதும் கிடையாது. அவளுடைய கடைசி நடையும் அவருடைய முதல் நடையும் பாலத்தடியில் ஒன்றையொன்று கடக்கும்போது இருவரும் ஹெட்லைட்டை ஒரு தடவை போட்டு அணைப்பார்கள். இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் பாதி இப்படி ஹெட்லைட்டிலேயே போய்விட்டது. மீதியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் துண்டுச் சீட்டுகள் பார்த்துக்கொண்டன.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு மாரத்தான் நடக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் சொச்சத்தையும் ஆறு மணி நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வர, எல்லோருக்கும் பின்னால் ஒரு பஸ் வரும். மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகம், கூடாது குறையாது. அது யாரை எட்டிப் பிடிக்கிறதோ அவர் ஏறிக்கொள்ள வேண்டும். ஏற மாட்டேன் என்பவர் நெஞ்சில் குத்தியிருக்கும் நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இஷ்டம் போல நடைபாதையில் போகலாம். போன வருஷம் அந்த பஸ்ஸை ஓட்டியது பதினாலுதான். ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு இருபதடி முன்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார். அதைப் பார்க்கச் சகிக்காமல் இவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். ஊர்ச் சாலைகள் இருபது நிமிஷம் தாமதமாகத் திறந்தன, பெரியவரும் கடைசியில் பஸ்ஸில்தான் வந்தார், டெப்போ மேலாளர் இவளுக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். ஆனால் மெமோ அவளை ஒன்றும் செய்யவில்லை. முன் சீட்டில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர், "நீங்க என்னிக்காவது ஓடிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டதுதான் பொறுக்கவில்லை.

மறுநாளே கேன்டீனில் டீயைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வருஷம் தானும் ஓடப் போவதாக அறிவித்துவிட்டாள். நாற்பத்தாறு வயசு, பதினெட்டு வருஷம் உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு. கேன்டீன் வாய்விட்டுச் சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்திதான், டெப்போவின் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதி எழுதியே கண்ணாடி போட்டுக்கொண்டவள். அவள் பயிற்சி அட்டவணையையும் டூட்டி சார்ட் போலவே போட்டுக் கொடுத்தாள். செவ்வாய், எட்டு கிலோமீட்டர், புறப்பாடு நாலு ஐம்பது. வெள்ளி, ஓய்வு, வண்டி ஷெட்டில்.

வீட்டில் மாமியாருக்கு இந்த விவகாரம் கடைசிவரை பிடிபடவில்லை. ஆறு மணி நேரம் ஒருத்தி ஓட வேண்டுமென்றால் யாராவது துரத்த வேண்டுமே, யார் துரத்துகிறார்கள் என்று கேட்டார்.

"உங்க மகன்தான் அத்தை," என்றாள் பதினாலு.

அது பொய்யில்லை. போன வருஷக் கூத்துக்குப் பிறகு, இந்த வருஷம் கடைசி பஸ்ஸுக்கு நேரம் தவறாத ஆள்தான் வேண்டும் என்று போட்டி நடத்துபவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நேரம் தவறாத ஆள் என்றால் டெப்போவில் வேறு யார் இருக்கிறார்கள்? கரெக்ட்டின் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறியது. கேன்டீனுக்குக் கொண்டாட்டம். புருஷன் பெண்டாட்டியைப் பிடிப்பாரா, பெண்டாட்டி தப்பிப்பாளா என்று டீ குடிக்கும் வாயெல்லாம் அதையே பேசியது. பதினாலுக்கு மட்டும் ராத்தூக்கம் போயிற்று. எல்லோர் முன்னாலும் சவால் விட்டுவிட்டு, கட்டின புருஷன் ஓட்டும் பஸ்ஸில் ஏறி வந்து இறங்குவதா? அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கேன்டீனுக்குள் போவது?

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அட்டவணையின் மிக நீளமான ஓட்டம் வந்தது. முப்பத்திரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாலை பதினாலாம் நம்பர் சாலை ஒன்றுதான். போக பதினாறு, வர பதினாறு. டைம் கீப்பர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள். வந்தவள் முதல் கிலோமீட்டரிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

பதினாலு ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நின்றாள். அவள் வேண்டுமென்று நிற்கவில்லை, கால் நின்றது. நிறுத்தம் கண்ணில் பட்டதும் வேகம் குறைந்து, ஓரம் ஒதுங்கி, ஆள் ஏறி இறங்குகிற நேரம் நின்று, தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கிளம்பினாள். நிறுத்தத்தில் நின்றவர்களும் லேசுப்பட்டவர்களா? தினமும் பார்க்கிற முகம் வருகிறதே என்று பழக்கத்தில் கையை நீட்டினார்கள். நீட்டிய கையைத் தாண்டிப் போக அவளால் முடியவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கவில்லை. டைம் கீப்பர் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். நடுவழியில் வண்டியை விட்டுவிட்டுக் கழிவறை தேட முடியாது என்பதால், டூட்டியில் தண்ணீரே குடிக்காமல் பழகிய தொண்டை அது.

திரும்பி வந்து டெப்போ வாசலில் பொத்தென்று உட்கார்ந்தவளிடம் டைம் கீப்பர் கணக்கை நீட்டினாள். ஆன நேரம் நாலு மணி ஐம்பத்தோரு நிமிஷம். போக வர எழுபத்தாறு நிறுத்தம், ஒன்றுக்குப் பதினைந்து செகண்ட்.

"நீ ஓடினது நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷம். மிச்சம் பத்தொம்பது நிமிஷம் ஆள் ஏத்தியிருக்கே."

அந்த நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷம் ஏறக்குறைய கரெக்ட்டு ஓட்டப் போகும் பஸ்ஸின் வேகம்தான். நிற்காமல் ஓடினால் தலை தப்பும், நின்றால் பஸ்தான். இரண்டு நாள் யோசித்து டைம் கீப்பரே மருந்தும் கண்டுபிடித்தாள். எந்த வண்டி யார் கை நீட்டினாலும் நிற்காது? வேலை முடிந்து டெப்போவுக்குத் திரும்பும் வெறும் வண்டி. ஒரு வெள்ளைத் துணியில் 'டெப்போ - நிற்காது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பதினாலின் பனியனில் நெஞ்சுக்கு நேராகத் தைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது கிலோமீட்டர். நீட்டிய கைகள் போர்டைப் படித்ததும் தாமாகவே இறங்கின. கால் ஓரிடத்திலும் தயங்கவில்லை. டெப்போ வண்டிதானே, தனக்கென்ன என்று அதுபாட்டுக்குப் போயிற்று. இப்படி ஒரு வைத்தியத்தை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

அதன் பிறகு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரச் சொல்லி அட்டவணை கட்டளை போட்டது. உடம்புக்கு ஓய்வு கிடைத்தது, மனசு அலைந்தது. திரைச்சீலைகளை எல்லாம் துவைத்தாள், அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினாள், எதிர் வீட்டுப் படியையும் சேர்த்துப் பெருக்கினாள். போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, விடுமுறை தினத்தில், சாப்பாட்டு மேசையில் கரெக்ட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேச்செடுத்தாள். அவ்வளவு பெரிய பஸ், எத்தனையோ சிக்னல், ஒரு அஞ்சு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் யார் கேட்கப் போகிறார்கள் என்று சுற்றி வளைத்தாள்.

கரெக்ட்டு முட்டையை உரிப்பதை நிறுத்தினார். "அது மட்டும் என்னால முடியாது," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவ்வளவுதான், வீட்டில் மௌன யுத்தம் மூண்டது. 'பால் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வரவும், மறக்க வேண்டாம்' என்று எழுதிக்கொண்டிருந்த சீட்டு 'பால்' என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. பாலத்தடியில் அவர் ஹெட்லைட் போட்டார், அவள் போடவில்லை. மறுநாளும் போட்டார், அவள் கண்ணாடியைத் துடைப்பது போல் வைப்பரை ஓடவிட்டுக்கொண்டு கடந்தாள். மழைக்கு அறிகுறியே இல்லாத வெயில். நாலாம் நாள் அவர் ஹெட்லைட் போட்டபோது மனசு கொஞ்சம் இளகியது, ஆனாலும் கையை ஸ்விட்சுக்குக் கொண்டுபோகவில்லை.

போட்டியன்று அவள் எழுந்தபோது அவர் டூட்டிக்குப் போயிருந்தார். ஃப்ரிட்ஜில் 'தண்ணீர் குடி' என்று ஒரு சீட்டு இருந்தது. அவள் அதைக் கிழித்துப் போடப் போய், பிறகு அப்படியே விட்டுவிட்டாள்.

ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. நெஞ்சில் நம்பரைத் தவிர வேறு எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். தையலைப் பிரித்துத் துணியை டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். முப்பத்தைந்து கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. ஆற்றோரச் சாலையில் பஸ் நிறுத்தமே கிடையாது. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். பின்னால் வரும் பஸ் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தது. அப்போது பாதை திரும்பி, பதினாலாம் நம்பர் சாலைக்குள் நுழைந்தது.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சாலையை அடைத்திருக்கும் விஷயத்தை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவளைப் பார்த்ததும் எட்டுக் கையும் நீண்டன. அவள் நின்றுவிட்டாள். ஆனால் இந்தத் தடவை கால் தானாக நிற்கவில்லை, அவளே நின்றாள். இன்றைக்கு இந்தப் பக்கம் பஸ் வராது, பின் தெருவுக்குப் போனால் ஆறாம் நம்பர் கிடைக்கும், கிழக்கே போகிறவர்கள் ஒன்பதில் ஏறி மார்க்கெட்டில் மாற வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் மூச்சிரைக்க வழி சொன்னாள்.

மருந்துப் பை வைத்திருந்த ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார்: "நீங்க இங்க நிக்கிறீங்களே, அப்போ பஸ்ஸ யாரும்மா ஓட்டுறா?"

கட்டுப் போட்ட காலோடு நின்ற ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகப் பின் தெரு முனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், நின்ற கால் இறுகிவிட்டது. முப்பத்தாறு கிலோமீட்டர் ஓடியதை ஒரு நிமிஷம் நின்றதும்தான் முழங்கால்கள் நினைத்துப் பார்த்தன போலிருக்கிறது. நடந்தாள், நொண்டினாள், நாலு எட்டு ஓடினாள், மறுபடி நடந்தாள். நாற்பதாவது கிலோமீட்டர்க் கம்பத்தடியில் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கதவு உஸ்ஸென்று திறந்தது. உள்ளே ஆறேழு பேர் துவண்டு போய் உட்கார்ந்திருந்தார்கள். கரெக்ட்டின் கண் சாலையில்தான் இருந்தது, கை மட்டும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஏறிக்க," என்றார்.

அவள் நெஞ்சிலிருந்த நம்பரைக் கழற்றி அவர் மடியில் போட்டாள். கதவு மூடியது. பஸ் கிளம்பிப் போயிற்று. போகப் போகத் திரும்பிப் பார்த்து வேகம் குறைப்பார் என்று நினைத்தாள், குறைக்கவில்லை. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. டெப்போவில் பதினெட்டு வருஷம் காதில் விழுந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு நடைபாதையில் நொண்டினாள். பஸ்ஸுக்குப் பின்னால் திறந்துவிட்ட சாலையில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

அரை கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது எதிரே காக்கிச் சட்டையில் ஒருவர் ஓடி வந்தார். தொந்தி குலுங்க, சட்டைப் பையிலிருந்து விழுந்த பேனாவைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார். பதினொன்றரைக்கு வண்டியை நிறுத்தி, கையெழுத்துப் போட்டு, சாவியை ஒப்படைத்த கையோடு வந்திருக்கிறார். அவள் வைத வார்த்தைகள் பாதியில் நின்றன. அவள் வேகத்துக்கு அவரும் பக்கத்தில் நடந்தார்.

முடிவுக் கோட்டில் வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேசை மடித்தாயிற்று, மெடல் பெட்டி லாரியில் ஏறியாயிற்று. தரையில் ஒட்டிய கோட்டை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, அதை உரிக்க வந்த ஆளைத் தடுத்தபடி டைம் கீப்பர் மட்டும் நின்றிருந்தாள். ஆறு மணி பதினோரு நிமிஷம் என்று எழுதிக்கொண்டாள். பதினாலு கோட்டைத் தாண்டி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். கரெக்ட்டு கீழே குந்தி அவள் ஷூ முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம் இந்த டூட்டி எனக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"வேணாம். நீங்களே ஓட்டுங்க," என்றாள் அவள். "வேற யாரு ஓட்டினாலும் எனக்காக மெதுவா வந்துடுவாங்க."

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஷூவைப் பிடித்தார்.