மூன்று ஜொஹான்

மன்னாரில் பதினொரு வருஷம் கத்தோலிக்கக் கோயில் பதிவேடு எழுதியவன் நான். மொன்றியலில் அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானாகவே சொல்லிக்கொள்வேன். இல்-பிசார் தீவில் நான் வேலை செய்யும் கோயிலின் மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அங்கே பூசைக்கு வந்த மார்லீன் வைலன்டிடமும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும்.

மார்லீனுக்கு எழுபது வயது. அவருடைய பூட்டனின் பெற்றோர் ஜேர்மனியிலிருந்து வந்து, காடு வெட்டி, உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தவர்கள். அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பழைய தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் வைக்க ஆசைப்பட்டார். பெயர்கள் சரியாகத் தெரியவில்லை. பழைய கோயில் பதிவேட்டின் பிரதிகளை நீட்டினார். கோழி கிளறிய எழுத்து.

“எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு,” என்றேன்.

ஞானஸ்நானப் பதிவில் ஏழு பிள்ளைகள். அதில் மூன்று பேர் ஜொஹான்: 1861, 1863, 1866. தாய் தகப்பன் அதே ஆட்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னாரில் இடம்பெயர்ந்த சனம், தொலைந்த பத்திரத்துக்காக ஒரே பிள்ளையை மூன்று தரம் பதிய வரும். மிச்சத்தை அடிப்பது என் வேலை. இங்கேயும் இரண்டை அடித்தேன். ஐந்து பிள்ளைகள். பட்டியலைப் பெருமையோடு கொடுத்தேன். திங்கட்கிழமை கல்லில் வெட்டத் தொடங்குவார்கள் என்றார் மார்லீன்.

ஞாயிறு மத்தியானம் என் மனைவி சிசிலியிடம் என் கெட்டித்தனத்தை விளக்கினேன். அவள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவள். பிரதிகளை வாங்கிப் பார்த்தாள்.

“மூண்டு பதிவிலையும் நேற்றுப் பிறந்த பிள்ளை எண்டு கிடக்கு. அதென்ன, ஐஞ்சு வருஷமா நேற்றே பிறந்துகொண்டிருந்ததோ?”

நான் சோற்றைப் பிசைந்தேன்.

“சாவுப் பதிவு பாத்தனீங்களோ?”

“இல்லை.”

“பதினொரு வருஷம் எழுதினவராம்!”

கை கழுவிவிட்டு, பிரதிகளில் சாவுப் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஜொஹான், ஒன்பது மாதம். ஜொஹான், நான்கு நாள். மூன்றாவது ஜொஹான்தான் பிழைத்து மார்லீனின் பூட்டனானவன்.

செத்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது எங்கள் வீடுகளில் இல்லை. அதனால் உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிட்டேன். அந்தத் தாய் இரண்டு தரம் புதைத்துவிட்டு, மூன்றாம் தரமும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த இரண்டையும் பிறக்காத பிள்ளைகளாக்க எனக்கு ஒரு பேனைக்கோடு போதுமாயிருந்தது. வெட்கமாக இருந்தது. அழுதும்விட்டேன்.

உடனே மார்லீனுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள், அன்டன்,” என்றார்.

கல் வெட்டுகிறவரின் பட்டறை ஆற்றுக்கு அப்பால், லொங்குய்யில். திங்கள் காலை மஞ்சள் தட மெற்றோ ரயிலில், புதிய பட்டியல் இருந்த சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். மனிதர் பட்டியலை வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“மெஸ்யூ, இதில் ஒரு பிழை. ஒரே பெயரை மூன்று தரம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டை எடுத்துவிடட்டுமா?”

அவர் முகத்தில் என்னுடைய அதே பெருமை.

“வேண்டாம் மெஸ்யூ,” என்றேன். “அது மூன்று பிள்ளைகள்.”

மூன்றாவது ஜொஹானின் கடைசி எழுத்து வெட்டி முடியும்வரை அங்கேயே நின்றேன்.