ஹைருன் கப்பி

மைதீனைப் போல ஒரு பிடிவாதக்காரனைத் தென்காசியில் நான் கண்டதில்லை. தகர வேலை, பூட்டு வேலை, சைக்கிள் ரிப்பேர் எல்லாம் செய்வான். என் பலசரக்குக் கடைக்கு அடுத்ததுதான் அவன் பட்டறை. அவனோடு நான் போட்ட சண்டைக்கெல்லாம் தெருவே சாட்சி.

முப்பத்திரண்டாம் வருஷத்துச் சாரலில் அவன் மனைவி ஹைருன் பீவி கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். நிறைமாசம். நனைந்த கயிறு கையை விட்டு வழுக்கி, வாளி விர்ரென்று இறங்கியிருக்கிறது. எட்டிப் பிடிக்கப் போனவள் வாளியோடு உள்ளே போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு அடக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு மைதீன் கிணற்றுக் கப்பியும் கையுமாகவே கிடந்தான். கடைசியில் ஒன்று செய்தான். நீர் இறைக்கும்போது கப்பி தாராளமாகச் சுற்றும்; கை நழுவினால் ஓர் இரும்பு நாக்கு விழுந்து கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இவ்வளவுதான் சங்கதி. முதல் கப்பியை மனைவி பேரால் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக, தர்மமாகக் கொடுத்தான். தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் கிணற்றில் அது தொங்கியது.

பேட்டன்ட் யோசனை பிறகுதான் வந்தது. ஊர் ஊராகக் கிணறுகளில் ‘ஹைருன்’ என்று பொறித்த கப்பி தொங்க வேண்டும். வேறு ஆசை அவனுக்கு இல்லை. வக்கீல் சங்கரநாராயணன் கல்கத்தா பேட்டன்ட் ஆபீசுக்கு மனுப் போட்டார்.

அந்த நேரம் பார்த்தா குற்றாலத்தில் குளிக்க வர வேண்டும் அந்த மதுரை இரும்பு வியாபாரி? வெள்ளிக்கிழமை தொழ வந்த இடத்தில் கப்பியைப் பார்த்துவிட்டார். மனுப் போடும் முன்பே ஊரார் புழங்கிய சாமானுக்குப் பேட்டன்ட் செல்லாது என்று ஆட்சேபம் கொடுத்தார்.

வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார்; சோதனைக்கு மாட்டியது புழக்கத்தில் சேராதாம். “சோதனைக்குத்தான் அங்கன மாட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும் ஓய். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

“அது அவ பேருக்குக் குடுத்தது ஐயா.”

“வேலை செய்யுதான்னு நீரும் பாத்திருப்பீர்லா?”

“பாத்துட்டுத்தான் குடுத்தேன்” என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! “ஏலே கூறுகெட்டவனே, அவ பேரு நிலைக்கத்தானல சொல்லச் சொல்லுதாரு!” என்று கத்தினேன்.

“அவ பேருக்குக் குடுத்ததையே இல்லேன்னு சொல்லிட்டு, அவ பேரை எங்கன அண்ணாச்சி பொறிக்க?”

மனு தள்ளுபடியானது. மதுரைக்காரர் தன் பேரைப் பொறித்துக் கப்பியைக் கடை கடையாக இறக்கினார். வயிறெரிந்து போனேன். அந்தச் சனியன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மனைவி சண்முகசுந்தரியிடம் சொல்லி வைத்தேன். அவள் கேட்டால்தானே! வாங்கி எங்கள் கிணற்றில் மாட்டிவிட்டாள்.

மறு சாரலில் அவளுக்கு எட்டு மாசம். இறைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தலை சுற்றிக் கை நழுவியது. நாக்கு விழுந்து கயிறு நின்றது. அதைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டறைக்கு ஓடினேன். “மைதீனு, சண்முகசுந்தரி கயித்தை விட்டுட்டா லே! கப்பி பிடிச்சுக்கிட்டுது!”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “மதினிக்கு ஒண்ணுமில்லயே? வயித்துல உள்ளதுக்கு?”

“தாயும் பிள்ளையும் நல்லா இருக்காவ.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “இன்னொருக்கச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றான்.

சொன்னேன். சொல்லி முடிக்குமுன் நான் அழுதுவிட்டேன்.