அம்மா உடைக்காத ரேடியோ

காய்ந்த மிளகாயின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தும்மலுக்கு முன்னால் கோபம் வருகிறது. நாக்பூரிலிருந்து எங்கள் வீட்டுச் சாமான்களையும் எங்களையும் ஏற்றி வந்த லாரி, அதற்கு முன் எத்தனையோ நடை மிளகாய் மூட்டை சுமந்தது. பலகை இடுக்குகளில் தங்கிப்போன விதையும் தூளும் வண்டி குலுங்கும்போதெல்லாம் எழும்பி, தார்ப்பாய்க்கு அடியில், கட்டில் கால்களுக்கும் அண்டாக்களுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் கண்ணிலும் தொண்டையிலும் இறங்கியது. எங்கள் என்றால் அம்மா, பத்து வயதான நான், என் இரண்டு தங்கைகள். அப்பா, சித்தப்பா, கைக்குழந்தையோடு சித்தி மூவரும் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அண்ணனும் இரண்டு தம்பிகளும் படுக்கை மூட்டைகளின் உச்சியில், காற்று வருகிற இடத்தில். மொத்தம் பதினோரு பேர்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். சோழவந்தானில் எங்கள் பங்குக்குக் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்ததால், ஊரைப் பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. அப்பாவுக்குப் பழைய கோயில், கோட்டை, கல்வெட்டு என்றால் உயிர். தெரியாத எழுத்தானாலும் விரலால் தடவிப் பார்ப்பார். "இனிமே இந்தப் பக்கம் எங்க வரப்போறோம்? வழியில இருக்குறதையெல்லாம் பாத்துட்டே போயிருவோம்" என்று டிரைவரிடம் பேசி வைத்துவிட்டார். டிரைவர் உசிலம்பட்டிக்காரர், அவருக்கும் சாமி நம்பிக்கை உண்டு, சரியென்றார்.

அந்தப் பயணத்தில் ஒவ்வொரு ஊரிலும் லாரி நின்றவுடன் அப்பா பின்பக்கம் வந்து தார்ப்பாயைத் தூக்கி ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "நீ சாமானைப் பாத்துக்க. வந்துர்றோம்." ஹைதராபாத்தில் நாலு மினார்களையும் பக்கத்துப் பெரிய மசூதியையும் அண்ணனும் தம்பிகளும் பார்த்தார்கள், நாங்கள் சாமானைப் பார்த்தோம். திருப்பதியில் அவர்கள் விடியலில் மலையேறிப் பொழுது சாயும்போது இறங்கினார்கள். அதுவரைக்கும் அடிவாரத்து வெயிலில், காயும் தகரத்துக்குப் பக்கத்தில், நாங்கள் சாமானைப் பார்த்தோம். காஞ்சிபுரத்திலும் அப்படித்தான். "கைப்புள்ளக்காரி, கொஞ்சம் காத்தாடட்டும்" என்று சித்தியை மட்டும் அழைத்துப் போனார்கள். பொம்பளைப் பிள்ளைகள் அம்மாவுக்குத் துணையாம். பதினான்கு வயது அண்ணன் ஒருவன் ஒரு கோயிலுக்காவது துணை இருந்திருக்கலாமே என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்ததும் அப்பா குங்குமத்தை நீட்டிச் சொல்வார்: "உனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டேன்." அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சாப்பாட்டை உனக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன் என்று யாராவது சொல்வார்களா? அதைவிட ஒன்று இருக்கிறது. ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கிக்கொண்டார்கள். லாரியை விட்டு நகரக்கூடாதென்றால் ஒரு பொம்பளை என்ன செய்வாள்? அம்மா அந்த நாட்களில் பகலில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "எனக்குத் தாகமே எடுக்கல, நீங்க குடிங்க" என்று செம்பை எங்கள் பக்கம் தள்ளிவிடுவாள். அது ஏன் என்று எனக்குப் புரிய, நானும் கல்யாணமாகித் தூரத்துப் பஸ்களில் போகிற வயது வரவேண்டியிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா குளிக்கப் போன இடத்தில், படித்துறையிலேயே பித்தளைத் தூக்குவாளியை மறந்து வைத்துவிட்டு வந்தார். அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த வாளி. வீட்டுக்குப் பக்கத்துச் சமயநல்லூர் வரை வந்துவிட்டாலும் திரும்பிப் போய் எடுக்கலாம் என்கிற அளவுக்கு அவளுக்கு அது முக்கியம். "விடு மதினி, ரெங்கநாதருக்குக் குடுத்ததா நெனச்சுக்க" என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த வாளியைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மேலூர் தாண்டி அழகர் கோயிலுக்கு வண்டி திரும்பியபோது காலை பத்து மணி இருக்கும். அம்மா பிறந்தது அந்த மலையடிவாரத்துக் கிராமத்தில். கோட்டைச் சுவருக்கு வெளியே புளியமரத்தடியில் லாரி நின்றது. தார்ப்பாயைத் தூக்கினால் கோபுரம் தெரிந்தது. அதன் கீழேதான் பதினெட்டாம்படிக் கருப்பு, சந்தனம் பூசிய மூடிய கதவுகளாகவே நிற்கிற சாமி. அவள் பக்கத்து ஆட்களுக்கு அவர்தான் எல்லாம். அப்பா வந்து வழக்கமான வாக்கியத்தைச் சொன்னபோது அம்மா முதல்முறையாகப் பதில் பேசினாள்.

"இங்க நான் போகணுங்க. பெரியவளுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு."

"சோழவந்தான்ல இருந்து இதென்ன அம்புட்டுத் தூரமா? இன்னொரு நாள் பஸ் ஏறி வரலாம். மேல தீர்த்தத்துல குளிச்சுட்டு ஓடியாந்துர்றோம்" என்று சொல்லிவிட்டு அப்பா ஆண்பிள்ளைகளோடு மலைப்பாதையில் ஏறினார். சித்தப்பாவும் சித்தியும் பின்னாலேயே போனார்கள்.

நான் ஏழு வயதில் நாக்பூரில் விஷக்காய்ச்சல் கண்டு மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தேனாம். ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது, இந்தப் பிள்ளை பிழைத்தால் உன் வாசலில் கூட்டிவந்து நிறுத்துகிறேன் என்று கருப்பிடம் அம்மா சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் வேண்டுதல். கிடா வெட்டு இல்லை, முடியிறக்குதல் இல்லை, பிள்ளையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மூன்று வருடமாகக் காட்ட முடியாமல் இருந்த பிள்ளை, இப்போது சாமிக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், மிளகாய்த் தூளில் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அம்மா கோபுரத்தையே பார்த்திருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்த டிரைவரிடம், "அண்ணே, செத்த சாமானைப் பாத்துக்கங்க. இந்தா வந்துர்றேன்" என்றாள்.

"போயிட்டு வாங்கக்கா. நான் இங்கனதான இருக்கேன்" என்றார் அவர்.

கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தி, இரண்டு தோளையும் பிடித்து முன்னால் தள்ளினாள். தன் வீட்டு மனிதரிடம் பேசுவதுபோல் பேசினாள். "ஏய்யா, கொண்டாந்துட்டேன்யா. பாத்துக்க. நல்லா இருக்கா, படிக்கிறா. சொன்னபடி கொண்டாந்துட்டேன்." கும்பிட்டு முடித்தும் உடனே கிளம்பவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். மடக்கியே வைத்திருந்த கால்கள் கணுக்காலில் வீங்கி மினுமினுத்தன. பக்கத்துக் குழாயில் வாயை வைத்து, மூச்சு வாங்க, ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தாள்.

நாங்கள் திரும்பியபோது லாரியின் மேல் குரங்குகள். டிரைவர் நன்றாகத் தூங்கிவிட்டார். அரிசி மூட்டை கிழிந்து கிடந்தது, அப்பாவின் வேட்டி ஒன்று புளியங்கிளையில் தொங்கியது, பழைய பாவாடை சுற்றி உயரத்தில் வைத்திருந்த ரேடியோ தரையில் விழுந்து, முகப்பு உடைந்து, உள்ளே இருந்த கம்பிகளெல்லாம் வெளியே தெரிந்தன. அதே நேரத்தில்தான் மலையிலிருந்து அவர்கள் ஈரத் தலையோடு இறங்கி வந்தார்கள்.

"உன்னைய எதுக்குடி வண்டியில உக்கார வச்சேன்?" பூக்காரிகளும் தேங்காய்க் கடைக்காரரும் திரும்பிப் பார்க்க, அப்பா அப்படிக் கத்தியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டிரைவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. குரங்கைக்கூடத் திட்டவில்லை.

"எனக்கு அங்க வேல இருந்துச்சு. போனேன்" என்றாள் அம்மா. சிதறிய அரிசியைக் கைகளால் கூட்டி அள்ள ஆரம்பித்தாள்.

அப்பா அதன்பின் அவளோடு பேசவில்லை. கோரிப்பாளையத்தில் தர்கா வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சித்தியின் குழந்தைக்கு வழியெல்லாம் அழுகை, ஓதி ஊதிவிட்டால் சரியாகும் என்றார்கள். பின்னால் வந்து தார்ப்பாயைத் தூக்கி, அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்து அப்பா சொன்னார்: "நீயாச்சும் சாமானைப் பாத்துக்க."

அப்பா கெட்டவர் இல்லை. இரண்டு ஷிப்ட் ஓடி ஆறு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அதனால்தான் கோபம் எங்கும் போய்ச் சேராமல் எனக்குள்ளேயே சுற்றுகிறது. சோழவந்தானில் வந்து இறங்கிய வாரத்திலேயே அது கதையாகிவிட்டது. "அழகர் கோயில்ல எங்க மதினி ரேடியோவ ஒடச்சாங்க பாருங்க" என்று சித்தப்பா ஆரம்பிப்பார். காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் எதுவானாலும் பந்தி முடிந்ததும் அந்தக் கதை உண்டு. குரங்கு மாதிரி நடித்துக் காட்டுவார். சொல்லச் சொல்லக் கதையிலிருந்து டிரைவர் காணாமல் போனார், வேண்டுதல் காணாமல் போனது, கடைசியில் நானும் காணாமல் போனேன். அம்மா வேடிக்கை பார்க்கப் போனாள் என்றே ஆயிற்று.

காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் என் கல்யாணம் நடந்தபோது, மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் சித்தப்பா அதைச் சொன்னார். புது உறவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். யாருக்காக அவள் இறங்கினாளோ அந்தப் பிள்ளை, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, புருஷன் வீட்டார் முகம் கோணக்கூடாதென்று சிரித்தது. அம்மா வெற்றிலைத் தட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

இப்போது அழகர் கோயில் சாலையில் நிறைய மரங்கள் இல்லை. லாரியில் குடும்பத்தையே ஏற்றி ஊர் மாறுகிற வழக்கமும் இல்லை. அப்பா போய்விட்டார், சித்தப்பா போய்விட்டார், நான்கு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டாள். அவளுடைய காரியத்தன்று தம்பி தன் மருமகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தபோது நான் எழுந்து, காய்ச்சலிலிருந்து தண்ணீர் குடித்தது வரை முழுதையும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. நான் சொன்னதைக் காதால் கேட்டிருக்க வேண்டியவள் அந்தக் கூடத்தில் இல்லை. நாற்பது வருடம் அவள் இருந்தாள். ஒவ்வொரு பந்தியிலும், கைக்கெட்டும் தூரத்தில், நான் வாயைத் திறப்பேனா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தபடி.