கிணற்றைச் சுற்றி ஒரு வெள்ளைக்கோடு

பாகூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். பேர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவார்கள். அந்த ஊருக்கு நர்ஸாக வந்துபோனவள் மதலேன். பக்கத்துச் சேரியில் பிறந்து, புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகளிடம் வேலை கற்றவள். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் டிஸ்பென்சரியில் அவள் வேலை நிலைத்தது. ஊரில் பிரசவம் சிக்கலானால் அவளுக்குத்தான் ஆள் வரும். கொல்லைப்பக்கமாகப் போவாள், பிள்ளையை எடுத்துக் கொடுப்பாள், கொல்லைப்பக்கமாகவே திரும்புவாள். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். நாட்டாமை ஆதிமூலத்தின் மருமகள் முத்துலட்சுமி வலி கண்டு துடித்து, தாயும் பிள்ளையும் போய்விடும் என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், பேத்தி சின்னபொண்ணை உயிரோடு வெளியே எடுத்ததும் அதே கைதான்.

அந்தச் சின்னபொண்ணு ஓடியாடுகிற வயதுக்கு வந்த கோடையில் ஊருக்குள் வாந்திபேதி நுழைந்தது. மதலேன் முதல் வேலையாகத் தன் சேரிக் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினாள். பிறகு ஊசிப்பெட்டியோடு ஊருக்குள் போனாள். மாட்டுக்கொட்டகையில் வைத்து ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். உயிர்மேல் ஆசை யாரை விட்டது! ஆனால் ஊசி மட்டும் போதாது. ஊரே குடிக்கிற நல்லதண்ணிக் கிணற்றில் மருந்து விழுந்தால்தான் சாவு நிற்கும். அதைச் சொல்லப் போனவளை ஆதிமூலம் களத்துமேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

“ஊசி போடறியா, போட்டுக்கோ. கெணத்தாண்ட மட்டும் வராத.”

“ஐயா, நோவே தண்ணிலதாங்க இருக்குது. மருந்து ஊத்தாம வுட்டா இன்னும் எத்தினி பேரு போவாங்களோ.”

“மருந்து வோணான்னு நான் சொன்னனா? உன் கை வோணாங்கறன். அதான் தணிகைவேலு இருக்கறான்ல, அவன் ஊத்தட்டும்.”

தணிகைவேல் டிஸ்பென்சரி பியூன், நாட்டாமைக்கு வகையறா. மதலேனுக்குத் தொண்டைவரை கோபம் வந்தது. விழுங்கிக்கொண்டாள். யார் கை ஊற்றினால் என்ன, மருந்து உள்ளே போனால் சரி என்று நினைத்தாள். எப்படிக் கரைப்பது, தெளியவைத்து எப்படி ஊற்றுவது என்று அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். அவனும் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலையில், அவள் நிற்கலாம் என்று விட்டிருந்த புளியமரத்தடியில் நின்று பார்த்தாள். கிணற்றைச் சுற்றி வெள்ளைவெளேரென்று மருந்து தெரிந்தது.

“ஊத்தியாச்சா?”

“ஆச்சு நர்சம்மா. கண்ணுக்குத் தெரியல?”

தெரிந்தது. நம்பிவிட்டாள்.

சாவு நிற்கவில்லை. சேரியில் ஒருவரும் நோயில் படுக்கவில்லை. ஊரிலோ சாவு வீட்டுக்குப் பறையடிக்கப் போன சேரிக்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோயிற்று. பவுடர் பழசாகிச் சத்துப் போய்விட்டதோ என்று மதலேன் தன்னையே நொந்துகொண்டாள். அப்போதுதான் முத்துலட்சுமியே தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

சின்னபொண்ணைக் கொட்டகையில் வைக்கோல்மேல் கிடத்தியிருந்தார்கள். கண் உள்ளே போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. புதுச்சேரியிலிருந்து சலைன் கொண்டுவர வண்டி கட்டச் சொல்லிவிட்டு, காய்ச்சி உப்புப் போட்டுக் கொடுக்கத் தண்ணீர் கேட்டாள் மதலேன். முத்துலட்சுமி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மதலேன் குனிந்து முகர்ந்தாள். சேரித் தண்ணீரை வாயருகே கொண்டுபோனாலே மருந்து நெடி மூக்கைத் துளைக்கும். இதில் ஒரு வாடையும் இல்லை. நல்ல தண்ணீர் போலவே இருந்தது.

வெளியே நின்ற தணிகைவேலைப் பார்த்தாள்.

“உள்ள ஊத்துனியா இல்லியா? சாமி சத்தியமா சொல்லு.”

“ஊத்துனா நாறுதுன்னு சனங்க சண்டைக்கு வரும் நர்சம்மா. அதான் சுத்தி தூவி வுட்டன். நோவு அத்தத் தாண்டி வராதுல்ல?”

பாவி, அவன் ஏமாற்றவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தான். அவன் வீட்டிலும் அந்தத் தண்ணீர்தான்.

வண்டி திரும்பி வருமுன்பே பிள்ளை போய்விட்டது. முத்துலட்சுமியின் அலறலைக் கேட்டபடி மதலேன் பவுடர் மூட்டையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு நேராகக் கிணற்றுக்குப் போனாள். வெள்ளைக்கோட்டைத் தாண்டினாள். குடத்தோடு நின்ற பெண்கள் கூச்சல் போட்டு விலகினார்கள். ஆண்கள் தடியோடு ஓடிவந்து சுற்றி நின்றார்கள். அவளை இழுத்துப் போட வேண்டுமானால் தொட வேண்டுமே! ஒருவனும் தொடவில்லை. காது கூசத் திட்டினார்கள். அவள் நிதானமாகக் கரைத்து, தெளியவைத்து, ஊற்றி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கிணற்றை இறைத்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்றார் ஆதிமூலம். இறைக்கத் தெம்புள்ள ஆள் ஊரில் மிச்சமில்லை. கொளுத்துகிற வெயிலில் தாகம் பொறுக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையே குடித்தார்கள். சில நாளில் சாவு நின்றது. மாரியம்மன் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று கூழ் ஊற்றினார்கள். கையோடு மதலேன்மேல் மேலிடத்துக்குப் புகாரும் போயிற்று. அவளை வில்லியனூர்ப் பக்கம் மாற்றினார்கள்.

தகரப்பெட்டியோடு அவள் கிளம்பிய அன்று, ஊர் எல்லையில் முத்துலட்சுமி தனியாக நின்றிருந்தாள். நல்ல வார்த்தை ஏதாவது சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று மதலேன் நினைத்தாள்.

“அன்னிக்கே நீ வந்து ஊத்தியிருக்கக் கூடாதா நர்சம்மா? எம்மாமனாரு வோணான்னா, நீயும் சும்மா நின்னுடுவியா? எம்புள்ளய எடுத்த கைதான அது?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாம் நியாயமானதுதான்.

“ஊத்தியிருக்கணும்மா” என்றாள் மதலேன்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவள் முதலில் போனது கிணற்றுக்கு. நாட்டாமை வீட்டுக்கு அப்புறம்தான்.