மிளகாய்த்தூள் பொதிக்குள் ஒரு வாக்குச்சீட்டு

அந்தக் கடித உறையின் வெளியே மாமியின் கையெழுத்து இருந்தது. உள்ளே இருந்த வாக்குச்சீட்டில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. உறையை ஒட்ட வேண்டாம் என்று கனடாவிலிருந்து மகன் சொல்லியிருந்தபடியால், அவர் அதன் வாயை மடித்து மட்டும் விட்டு, எங்கள் கண்ணாடி மேசையின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். "சரி, என்ர வேலை முடிஞ்சுது" என்றார். சந்தைக்குப் போய் வந்தவர் பையை இறக்கி வைப்பது போலத்தான் அதைச் சொன்னார்.

போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கொமியுனிகேஷன் கடையில் நான் வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு டெலிபோன் பேச, பக்ஸ் அனுப்ப, போட்டோ கொப்பி எடுக்க ஆட்கள் வந்து வரிசையில் இருப்பார்கள். முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்று கூப்பிடுவோம். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யாருடனும் முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவன். எண்ணை அழுத்தி, இணைப்பைக் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்கிற அந்த வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது.

மாமி எனக்கு உறவு இல்லை. அந்தப் பகுதியில் நரைத்த தலையோடு வரும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் எல்லோருமே எங்களுக்கு மாமிதான். இவர் மகனோடு பல வருடம் ரொறொன்ரோவில் இருந்து அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்தவர். தமக்கை இடுப்பெலும்பு முறிந்து கிடந்ததால் அவரைப் பார்க்க வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்திருந்தார். கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையில் ஒரு மாடி வீட்டில் இருவரும் இருந்தார்கள். பின்னேரங்களில் தமக்கை உறங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார். மகனுடன் கதைக்க என்று வந்தாலும், கதைத்து முடிந்த பிறகும் நெடுநேரம் இருப்பார்.

கனடாவில் தேர்தல் வந்தது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தபாலில் வாக்களிக்கலாம் என்று அவருக்குச் சீட்டு வந்தபோது கடை முழுவதும் கூடி நின்று பார்த்தது. நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாமி இது, ஒரு சின்னத்தையும் காணோமே. ஒங்கட கட்சிக்குச் சின்னம் என்ன? மிருகமா, பூவா, வீட்டுச் சாமானா?"

"அங்க அதெல்லாம் இல்லை நானா. ஆளின்ர பேரை நாங்களே எழுதோணும்."

"பேரை எழுதுறதா? அப்ப எழுதத் தெரியாதவன் என்ன செய்யிற?"

"எழுதத் தெரிஞ்சவனே இங்க என்னத்தைக் கிழிச்சவன்?" என்றார் மாமி. கடை சிரித்தது.

ஆனால் அந்தச் சீட்டில் பெயர் எழுதும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. மகன் டெலிபோனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். வெளி உறையில் கையெழுத்தை மட்டும் வையுங்கள், சீட்டை வெறுமையாக உள்ளே போட்டு, ஒட்டாமல், இங்கே வருகிற யாரிடமாவது கொடுத்து விடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாமிக்கு அதில் புதினமாக ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுப் பத்திரம், வங்கிப் பத்திரம் என்று மகன் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்துப் பழகியவர். எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்கு எதையும் அனுப்பும் முறையும் அதுதான். தபாலை நம்ப மாட்டார்கள். போகிற ஆளைப் பிடித்துக் கையில் கொடுத்து விடுவார்கள். பக்கத்து லொட்ஜில் ஒரு பெண்பிள்ளை கலியாணத்துக்காக ரொறொன்ரோ போகக் காத்திருந்தாள். விசா கிடைத்துவிட்டது. மாமி கையெழுத்து வைத்ததற்கு மறுநாள் பயணம். மகனுக்கு என்று மாமி வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பொதியோடு அந்த உறையும் அன்று மாலையே அவளிடம் போய்விட்டது.

இதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து வந்த யாரோ ஒருவர் அங்கே வெளியாகும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை மாமியிடம் கொடுத்திருந்தார். அதில் மூன்று கட்சிகள் என்னென்ன செய்யப்போகின்றன என்று தமிழில் விரிவாகப் போட்டிருந்தது. மாமியின் மூக்குக்கண்ணாடி உடைந்து திருத்தக் கொடுத்திருந்ததால் சின்ன எழுத்து அவருக்குத் தெரியவில்லை. "தம்பி, இதை ஒருக்கா வாசியும் பாப்பம்" என்று என்னிடம் நீட்டினார். எனக்கு வியர்த்துவிட்டது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். ஆட்கள் இருக்கும் இடத்தில் வாய்விட்டு வாசித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. மறுக்கவும் கூச்சமாக இருந்தது. வாசித்தேன்.

பல நாள் பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தோம். மாமி வேட்பாளர்களின் பெயரைச் சொல்ல மாட்டார். படத்தை வைத்து, சிரிக்கிறவர், கண்ணாடிக்காரி, கோட்டுக்காரர் என்று மூன்று பேரையும் அடையாளம் வைத்திருந்தார். கோட்டுக்காரரின் கட்சி வரியைக் குறைப்போம் என்றது. மகன் பெட்ரோல் நிலையம் வைத்திருந்தார், அவருக்கு அந்தக் கட்சிதான். சிரிக்கிறவரின் கட்சி, ஊரிலிருக்கும் பெற்றோரைக் கூப்பிடும் விண்ணப்பங்களை விரைவாகப் பார்ப்போம் என்றது. கண்ணாடிக்காரியின் கட்சி வயதானவர்களின் மருந்துச் செலவைப் பற்றியும் வாடகை வீடுகளைப் பற்றியும் பேசியது.

ஒவ்வொரு வாக்குறுதியையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார். பிறகு கேள்வி வரும். "செய்வம் எண்டு போட்டிருக்கோ, செய்யப் பாப்பம் எண்டு போட்டிருக்கோ?" நான் திரும்ப எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொல்வேன். "எப்ப எண்டு இருக்கோ?" இல்லை என்பேன். "அப்ப அது சும்மா." இன்னொரு நாள், "வரியைக் குறைச்சால் மகனுக்கு நல்லது, சரி. குறைச்ச காசுக்கு எதை வெட்டப் போறாங்களாம்?" என்றார். அதைப் பற்றிப் பத்திரிகையில் ஒன்றும் இல்லை என்றேன். "பாத்தீரோ, அதைச் சொல்ல மாட்டாங்கள்." ரொறொன்ரோவில் அவர் இருந்த மாடிக் கட்டடத்தில் லிப்ட் பழுதாகி மாதக்கணக்கில் நின்றதையும், கால் இயலாத கிழடுகள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதையும் சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்த்தது இந்த மூன்று பேரில் யார் என்பது அவருக்கு நினைவிருந்தது.

எனக்கு அது புதுமையாக இருந்தது. நானும் வாக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் எந்தச் சின்னத்துக்குப் போடுகிறார்களோ அதற்குப் போட்டுவிட்டு வருவேன். அந்தக் கட்சி என்ன சொல்கிறது என்று வாசித்ததில்லை. தூர தேசத்துக் கட்சிகளின் சொல்லை நிறுத்துப் பார்க்கும்போதுதான் நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த சுவரொட்டிகளையும் பஸ்ஸில் போகும்போது வாசிக்க ஆரம்பித்தேன். எப்போது என்று இருக்கிறதா, எதை வெட்டி என்று இருக்கிறதா என்று தேடினேன்.

மணப்பெண் பயணப்படும் நாள் காலையில் கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தோம். மாமி பத்திரிகையை மடித்தார். திருப்தியாக இருந்தது அவர் முகம். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"அப்ப மாமி, நீங்க யாருக்கு போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மடித்த பத்திரிகையைப் பார்த்தார். "நான் எங்க தம்பி போட்டனான்? கையெழுத்துத்தானே வைச்சனான்."

பத்திரிகையின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். ஊரில் கணவர் இருந்த காலத்தில் அவர் சொன்ன ஆளுக்குத்தான் புள்ளடி போட்டாராம். கணவர் இறந்த பிறகு வந்த தேர்தலில், இந்த முறை நானே யோசித்துப் போடுவேன் என்று சேலை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாராம். அங்கே இருந்தவர் பட்டியலைப் பார்த்து, உங்களுடைய வாக்கு ஏற்கெனவே போட்டாயிற்று, அம்மா, நீங்கள் போகலாம் என்றாராம். "ஆர் போட்டது எண்டு கேக்க எனக்குப் பயம். பேசாமல் திரும்பி வந்திட்டன்." சொல்லிவிட்டு எழுந்தார். "இப்ப நானே என்ர கையால தூக்கிக் குடுத்திட்டு நிக்கிறன். அந்தப் பிள்ளையின்ர வான் எத்தனை மணிக்காம்?"

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்தபடியால் அந்தக் காலத்தில் வெகு முன்னதாகவே புறப்படுவார்கள். நானா கடைக் கதவுக்கு வந்து எட்டிப் பார்த்தார். லொட்ஜ் வாசலில் வான் வந்து நின்றிருந்தது. "ஓடுங்க மாமி! டேய், நீயும் போ, மாமிக்கு ரோட்டைக் கடக்க ஏலாது" என்று என்னைத் தள்ளிவிட்டார். பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமி நடந்த வேகத்துக்கு எனக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

மேல்மாடி அறையில் மணப்பெண்ணும் தாயும் தாய்மாமனும் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார்கள். மாமி வந்த விஷயத்தைச் சொன்னதும் தாய் தலையில் கை வைத்தார்.

"ஐயோ மாமி, பொதி எல்லாம் துணி சுத்தித் தைச்சாச்சு. தூள் சிந்தும் எண்டு கடிதத்தையும் அதுக்குள்ளதான் வைச்சுத் தைச்சது."

தாய்மாமன் மணிக்கூட்டைப் பார்த்தார். "மகன்தானே போடப்போறார். ஆர் போட்டால் என்ன மாமி, ஒரு வாக்குத்தானே."

"ஒண்டுதான் தம்பி இருக்கு" என்றார் மாமி.

கீழே வான் சாரதி "இக்மன் கரன்ன!" என்று சிங்களத்தில் அவசரப்படுத்திச் சத்தம் போட்டார். அதுவரை வாய் திறக்காமல் நின்ற மணப்பெண் பெட்டியைத் திறந்தாள். பொதியை வெளியே எடுத்தாள். கத்தரிக்கோலால் தாய் தைத்த தையலை ஒரே இழுப்பில் வெட்டினாள். "மாமி, நீங்கள் எழுதுங்கோ. நான் மாப்பிள்ளை வீட்ட போக முதல், இறங்கின இடத்திலயே தபால் பெட்டியில போடுறன். உங்கட மகனிட்டக் குடுக்க மாட்டன்."

சிவந்த தூள் படிந்து உறை வெளியே வந்தது. மாமி பெட்டியின் மூடியில் சீட்டை விரித்தார். பத்திரிகை விளம்பரத்தில் வேட்பாளர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருந்தன. அதையும் பக்கத்தில் வைத்தார். பேனையைத் திறந்தவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் அங்கால திரும்புங்கோ."

திரும்பினோம். மணப்பெண், தாய், தாய்மாமன், நான், எல்லோரும் அந்தச் சின்ன அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தாய்மாமன் கழுத்தைக் கொஞ்சம் வளைத்தபோது தாய் அவர் முதுகில் ஒன்று போட்டார். "நேர பாரும்!" பேனை தாளில் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, அவசரமே இல்லாமல் எழுதினார். வான் ஹோர்ன் அடித்தது. மாமி எழுதினார். வாக்குச் சாவடி என்றால் எத்தனையோ பார்த்திருக்கிறேன், பொலிஸ்காரரும் பெட்டியும் மறைப்பும் வைத்து. அன்று அந்த லொட்ஜ் அறையில் இருந்த ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சீட்டை மடித்து உள்ளே வைத்து, உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கியவர் திடீரென்று "ஊ ஊ" என்று வாயை ஊதினார். திரும்பிப் பார்த்தோம். மிளகாய்த்தூள். கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டு, அவர் சிரித்தார். மணப்பெண்ணும் சிரித்தாள். அந்த லொட்ஜில் வந்து தங்கிய நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு, மூடிய உறையை மாமியின் கையிலிருந்து இரண்டு கைகளாலும் வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. தேர்தல் நாளில் இளைஞர்கள் மை பூசிய விரலைப் படம் எடுத்து உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். யாருக்குப் போட்டோம் என்பதையும் எழுதி விடுகிறார்கள். அதில் தவறில்லை. பயமில்லாமல் சொல்ல முடிகிறதே என்று மகிழ்ச்சிதான். ஆனால் சொல்ல மாட்டேன் என்று ஒருவர் நிமிர்ந்து நின்று சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன்.

மணப்பெண் போய்ச் சேர்ந்து சில நாட்களில் மகனின் அழைப்பு வந்தது. மாமி கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். வெக்கையாக இருந்ததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார். மகன் பேசிய சத்தம் வெளியிலும் கேட்டது. தூள் வந்தது, கவர் எங்கே என்று கேட்டார்.

"அது நான் எழுதி அனுப்பிட்டன்."

மகன் விடவில்லை. "ஆருக்கம்மா போட்டனீங்கள்?"

வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானா பக்ஸ் தாளைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மாமி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார்.

"எட தம்பி, உன்ர கொப்பர் சுடலையால எழும்பி வந்து கேட்டாலும் நான் சொல்ல மாட்டன்."

கடை முழுவதும் கைதட்டியது. முதலில் தட்டியது நான்.