இருபத்தொன்பதா, முப்பத்தொன்றா

2023 நவம்பர் 14, செவ்வாய், காலை ஒன்பது நாற்பது. வாடைக்காற்று, விடாத தூறல். ஏரிக்கரைத் தோணிரேவில் எங்கள் கிணற்று நீர் உப்பு. தொட்டி மீன்களுக்காகக் கூரைத் தண்ணீரை மூன்று டிரம்களில் பிடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஏஞ்சல் மீன் இரண்டும் ஒரே இலையை வாயால் துடைத்துக்கொண்டிருந்தன. முட்டையிடப் போகின்றன.

இரண்டும் அமேசான் ஆற்றில் பிடித்தவை. சென்னையில் வெவ்வேறு கடைகளில் வாங்கினேன். ஆண், லியோபோல்டி இனம். நெற்றி நேராக இறங்கும். முதுகுத் துடுப்பின் அடியில் கறுப்புப் பொட்டு. பெண்ணின் நெற்றியும் ஏறக்குறைய நேர்தான். ஆனால் பொட்டு சில நாள் தெரியும், சில நாள் மங்கிவிடும். அது ஸ்கேலார் என்ற வேறு இனமாக இருந்தால் குஞ்சுகள் கலப்பாகிவிடும். பதினான்கு மாதம் காத்திருந்தது அதற்கா?

பக்கவாட்டுச் செதில்களை எண்ணினால் தெரியும். முப்பதுக்குக் குறைந்தால் லியோபோல்டி. கண்ணாடி வழியாக எண்ண முடியவில்லை. பெண்ணை ஈரத் துணியில் எடுத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்தேன்.

ஏரியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் பக்கத்து வீட்டம்மா, பறிக்கூடையை வாசலில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மீனுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"பேசாதேம்மா, எண்ணிக்கை தப்பிடும்."

இருபத்தொன்பது வந்தது. ஒன்று விட்டிருந்தால்? மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.

"தண்ணில வுடுங்க சார். வாயப் பொளக்குது பாருங்க."

"ஒரே ஒரு தடவை."

பதினேழில் இருந்தேன். அவர் மீனை என் கையிலிருந்து பிடுங்கித் தொட்டிக்குள் விட்டு, செவுளில் தண்ணீர் ஏறும்படி முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினார். இருபத்திரண்டு நிமிடம். அது அசையவில்லை.

"நாங்க கைல பட்டா பறில போடுவோம், இல்லனா வுட்ருவோம். கைல வெச்சிக்கினு யோசிக்க மாட்டோம் சார்" என்றார்.

அவர் போனபின் செத்த மீனை மேசைமேல் வைத்து எண்ணினேன். இருபத்தெட்டு. இன்னும் இருமுறை எண்ணினேன், இருபத்தெட்டுதான். லியோபோல்டியேதான். ஆண் மாலைவரை அந்த இலையை விட்டு நகரவில்லை.

பெண் மீனை வாங்கிய செலவைக் கூட்டினேன்: மீன் இரண்டாயிரத்து நானூறு, பஸ் நூற்றிருபது, ஆக்சிஜன் பை முப்பது. ஆக இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது ரூபாய்.